புயல் நிதி: வி.ஏ.ஓ. பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம்

உறவுகளுக்கு வணக்கம்.

இனி புயல், வெள்ளம் என்று வந்தால் நம்ம ஊர்ச் சங்கத்துப் பணத்தை வி.ஏ.ஓ. கொடுக்கும் பட்டியல்படியே பிரித்துவிடலாம் என்று பொருளாளர் சித்தப்பா எழுதியிருந்தார். வேலை சுலபம், சண்டை வராது என்பது அவர் எண்ணம். சண்டை வராதுதான். சண்டை போட வேண்டியவர்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால்தானே!

கஜா புயலை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முன்னெச்சரிக்கையில் அரசு நன்றாகவே செய்தது, எதிர்க்கட்சித் தலைவரே பாராட்டினார். அந்த வேகம் அப்புறம் நிவாரணத்தில் இல்லை. முதலமைச்சர் ஹெலிகாப்டரில் வந்தது 20ஆம் தேதி. மாநிலம் டெல்லியிடம் கேட்டது 15,000 கோடி, டிசம்பர் கடைசியில் டெல்லி அறிவித்தது 1,146 கோடி. 2015இல் சென்னை மூழ்கியபோது இரவு பகலாக ஓடிய கேமராக்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கின்றன என்று இதே குழுவில்தான் எல்லோரும் பொருமினோம். டெல்லிக்குச் சென்னை தூரம், சென்னைக்கு நாம் தூரம். சரி, தலித் மக்கள் வாழும் நம்ம ஊர்க் காலனி நமக்கு எவ்வளவு தூரம்?

மரப்பணத்தைப் பாருங்கள். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100. எக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு வைத்து 1,92,500 ரூபாய். இது போதாது என்று எங்கள் அப்பா இன்றைக்கும் திட்டுகிறார், அவர் திட்டுவதிலும் நியாயம் இருக்கிறது. புதுக் கன்று வைத்தால் நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம் ஆகும், அதுவரை தோப்பில் வருமானம் இல்லை. ஆனால் அந்தத் தோப்பை நம்பி நாம் மட்டுமா இருந்தோம்? மரம் ஏறியவர், மட்டை உரித்தவர், வாய்க்காலில் ஓலையை ஊறப்போட்டுக் கீற்று முடைந்த பெண்கள், இவர்களுக்கும் அதே ஆறேழு வருடம்தான் போயிற்று. அவர்கள் பெயரில் மரம் இல்லை, அதனால் இழப்பும் இல்லை என்று கணக்கு முடிந்துவிட்டது. முழுதாகச் சேதமான குடிசைக்குப் பத்தாயிரம் ரூபாய். அதையும், ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் தம்பி இரண்டு அடுப்பு வைத்திருந்தால் ஒரு குடும்பம் என்றே நம்ம ஊரில் எழுதினார்கள். குத்தகைக்குச் சாகுபடி செய்தவர்கள் பாடு இன்னும் மோசம். அழிந்தது அவர்கள் போட்ட பயிர், காகிதம் நிலத்துக்காரர் பெயரில்.

வெளி மாவட்டங்களிலிருந்து அரிசியும் தார்ப்பாயும் ஏற்றி வந்த லாரிகளும் மெயின் ரோட்டிலேயே மறிக்கப்பட்டுக் காலியாயின. மறித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டிலும் உலை வைக்க வழியில்லை. ஆனால் உள்ளே வாய்க்கால் தாண்டி இருப்பவர்களுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. கரண்டும் அப்படியே. நாலு மாவட்டத்திலும் லட்சம் கம்பத்துக்கு மேல் சாய்ந்தன, கேரளாவிலிருந்துகூட மின்வாரிய ஆட்கள் வந்து ராப்பகலாய் உழைத்தார்கள். நம்ம ஊரில் கம்பம் நட்டுக்கொண்டே வந்த வரிசை கடைவீதி, கோயில் தெரு, கீழத்தெரு. காலனி கடைசி.

இது கஜாவோடு தொடங்கியதும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் நிவாரணம் பெரும்பாலும் படகும் வலையும் இழந்தவர்களைச் சுற்றியே நடந்தது. கரைக்கு வந்த மீனைச் சுமந்தும் காயவைத்தும் பிழைத்தவர்கள், உப்பு ஏறிப்போன வயலில் கூலி இழந்தவர்கள், இவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்கள், பின்னாலேயே நிற்க வேண்டியிருந்தது. சொத்து எவ்வளவு போயிற்று என்று அரசு அளக்கிறது. சொத்தே இல்லாதவனிடம் அளக்க அதற்குக் கோல் கிடையாது. அதை மாற்ற நம்மால் ஆகாது. ஆனால் சிங்கப்பூரிலும் ஷார்ஜாவிலும் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தையும் அதே கோலால் அளக்க வேண்டும் என்று யார் சொன்னது?

என் யோசனை இது. பட்டியலை இப்போதே, ஐப்பசி மழைக்கு முன்பே, நாமே எடுப்போம். அடுப்புக்கு ஒரு குடும்பம் என்று எண்ணுவோம், பட்டாவும் அடங்கலும் கேட்க வேண்டாம். எடுக்கும் குழுவில் காலனி மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேராவது இருக்கட்டும், யார் வீட்டில் படுத்த படுக்கையாய் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நூறு நாள் வேலை அட்டைகளையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். பணத்தில் முதல் பங்கு கூலிக்காரர்களுக்கும் குத்தகைக்காரர்களுக்கும். அரசிடம் மரப்பணம் வாங்கும் நம் போன்ற வீடுகள் கடைசியில் நிற்கலாம், எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாகச் சேர்த்துவிடுங்கள். வளைகுடாவில் இருக்கும் தம்பிகள் சிலருக்கு அன்று வேலை நாள், அதனால் இந்திய நேரம் இரவு எட்டு மணிக்கு மேல் வைத்தால் நல்லது. ஊரில் இருப்பவர்களில் யார் வீடு வீடாகப் போகத் தயார் என்பதை அதற்கு முன்பே இங்கே எழுதிவிடுங்கள்.