மரக்கப்பல்களின் ஆய்வுத் தாள்களை வாசித்த அனுபவம்

கப்பல்களை ஆய்வு செய்து தரம் வழங்கும் அமைப்பான லாயிட்ஸ் ரெஜிஸ்டர், லண்டன் ஃபென்சர்ச் தெருவில் நடத்தும் மரபு மையம், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கப்பல்களின் வரைபடங்களையும் ஆய்வு அறிக்கைகளையும் படியெடுத்து, யாரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. இரும்புக் கப்பல்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் நான் அதைத் திறந்தேன். ஆனால் மரக்கப்பல்களின் தாள்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. இப்போதும் அவற்றைத்தான் வாசித்துவருகிறேன்.

தாள் என்பது அச்சடித்த ஒரு படிவம். கப்பலின் பெயர், டன் அளவு, தலைமை மாலுமி, கட்டிய ஊர், கட்டியவர், உரிமையாளர், அடுத்துப் போகவிருக்கும் துறைமுகம் ஆகியவை மேலே இருக்கும். அதன்கீழ் ஏராக்கட்டை (அடிமுதுகுக் கட்டை) தொடங்கி வங்குகள் (விலா எலும்பு போன்ற சட்டங்கள்), உத்தரங்கள், வெளிப்பலகைகள், தளப்பலகைகள் என ஒவ்வோர் உறுப்புக்கும் எத்தனை அங்குலம், என்ன மரம் என்று ஆய்வாளர் மையால் நிரப்பியிருப்பார். நான் நெடுநேரம் நின்று பார்த்தது சண்டர்லாந்தில் கட்டிய ஒரு மூன்று பாய்மரக் கப்பலின் தாள். ஏராவுக்கு எல்ம், வங்குகளுக்கு ஆங்கில ஓக்கும் ஆப்பிரிக்க ஓக்கும், தளத்துக்கு பைன் என்று எழுதியிருந்தது. ஆணிகளில் எவை செம்பு, எவை இரும்பு, எங்கெல்லாம் மர ஆணி என்பதற்கும் தனித்தனி இடம் இருந்தது. செம்புத் தகடு போர்த்திய அடிப்பாகத்தில் இரும்பு ஆணி இருந்தால் கடல்நீரில் அது விரைவில் அரித்துப்போகும் என்பதால், ஆணியைப் பற்றிய அந்தக் கேள்வி கப்பலின் உயிரைப் பற்றிய கேள்வியாகவே இருந்தது. நங்கூரங்களின் எடை, சங்கிலி எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி), பாய்கள் எத்தனை என்பனவும் விடுபடவில்லை.

ஆய்வாளர் தரத்தைப் பரிந்துரைக்க மட்டுமே முடியும். முடிவு லாயிட்ஸ் ரெஜிஸ்டரின் லண்டன் குழுவினுடையது. படிவத்தின் அடியில் வேறொரு கையெழுத்தில் அந்த முடிவு குறிக்கப்பட்டிருக்கும். ‘ஏ’ என்ற எழுத்து கப்பலின் உடல் முதல்தரமானது என்பதைக் குறிக்கும். ‘1’ என்பது நங்கூரம், சங்கிலி, கயிறு முதலிய கருவிகளின் நிலையைக் குறிக்கும். அதன் பக்கத்தில், அந்தத் தரம் எத்தனை ஆண்டு செல்லும் என்ற எண்ணிக்கை நிற்கும்.

அந்த எண்ணிக்கையின் பின்னால் நீண்ட சச்சரவு இருக்கிறது. காப்பீட்டாளர்களின் பதிவேடு 1797ஆம் ஆண்டுவாக்கில் கப்பலின் வயதையும் கட்டிய இடத்தையும் வைத்துத் தரம் கொடுக்கத் தொடங்கியது. தேம்ஸ் நதிக்கரையில் கட்டியவற்றுக்குச் சலுகை கிடைத்தது. கோபமுற்ற உரிமையாளர்கள் 1799இல் தங்களுக்கென்று ஒரு பதிவேட்டை வெளியிட்டார்கள். பச்சைப் புத்தகம், சிவப்புப் புத்தகம் என்று அறியப்பட்ட இவ்விரண்டும் போட்டியில் நொடித்து, 1834இல் லாயிட்ஸ் ரெஜிஸ்டர் என்று ஒன்றாயின. கப்பல் விபத்துகளின் காரணங்களை 1836இல் ஆராய்ந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு, பழைய முறையைக் கடுமையாகக் கண்டித்தது. நன்றாகக் கட்டினாலும் மட்டமாகக் கட்டினாலும் ஒரே காலத்துக்கு ஒரே தரம் கிடைக்குமென்றால், எவர் பணம் செலவழித்து நன்றாகக் கட்டுவார்? அந்த முறையில் கடலில் மாண்டவர்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை.

1834க்குப் பிறகு, பயன்படுத்திய மரமும் கட்டிய விதமும் ஆண்டுகளைத் தீர்மானித்தன. ஆங்கில ஓக், தேக்கு போன்ற முதல்தர மரங்களுக்கு 12 ஆண்டு வரை கிடைத்தது. கூரையின்கீழ், மழை படாமல் கட்டிய கப்பலுக்கு ஓராண்டு கூடுதல். வங்குகளின் இடைவெளியில் உப்பைக் கொட்டி நிரப்பியிருந்தால், மரம் உளுக்காமல் இருக்க அது உதவும் என்பதால் பதிவேட்டில் அதையும் குறித்தார்கள். நம் வீட்டில் மாங்காயை உப்பில் போட்டு வைப்பதைப் போன்ற ஏற்பாடுதான் என்று படித்தபோது தோன்றியது. கனடாவில் மென்மரத்தால் கட்டிய கப்பல்களுக்கு ஆண்டுகள் குறைவு. அங்கே பெருமளவில் கப்பல் கட்டப்பட்டதால் 1852இல் கியூபெக்கில் ஓர் ஆய்வாளரை அமர்த்தினார்கள்.

காலம் முடிந்ததும் கப்பல் தரத்தை நிரந்தரமாக இழக்க வேண்டியதில்லை. உரிமையாளர் கேட்டுக்கொண்டால், நீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்துறையில் ஏற்றிப் பலகைகளைக் கழற்றி, மர ஆணிகள் சிலவற்றை வெளியே தட்டியெடுத்து, உள்ளிருக்கும் வங்குகளைச் சோதித்த பிறகு, மேலும் சில ஆண்டுகளுக்குத் தரம் நீட்டிக்கப்படும். என் பார்வையில் இந்த மறு ஆய்வுத் தாள்களே மிகச் சிறந்தவை. புதுக்கப்பலின் தாளில் எல்லாமே நன்று என்றிருக்கும். வயதான கப்பலின் தாளில்தான் எந்தப் பலகை மாற்றப்பட்டது, பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று எங்கே மீண்டும் செய்யப்பட்டது, எந்த வங்கின் முனை மக்கியிருந்தது என்பதெல்லாம் வரும். கண்ணுக்குத் தெரியாத மரத்தைச் சுத்தியலால் தட்டி, ஒலியைக் கேட்டு, கையொப்பமிட்ட மனிதர்களின் பொறுப்பை அங்கே உணர்ந்தேன்.

கொல்கத்தாவை அடுத்த ஹூக்ளி ஆற்றங்கரையில் சல்கியாவில் 1853இல் தேக்காலும் சால மரத்தாலும் கட்டிய எட்வின் ஃபாக்ஸ் என்ற கப்பல், கிரிமியப் போரில் படைவீரர்களையும், 1858இல் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலுக்குக் கைதிகளையும், பின்னர் நியூசிலாந்துக்குக் குடியேறிகளையும் சுமந்தது. இன்றும் அதன் உடல் நியூசிலாந்தின் பிக்டனில் உலர்துறையில் இருக்கிறது. விதிகள் தேக்குக்குக் கொடுத்த ஆண்டுகளைவிட அது பல மடங்கு நிலைத்திருப்பதால், அதுபோன்ற கப்பல்களின் தாள்களை அடுத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். கொல்கத்தாவிலோ பர்மாவின் மோல்மீனிலோ கட்டிய தேக்குக் கப்பல்களின் மறு ஆய்வுத் தாள்களை உங்களில் எவரேனும் வாசித்திருந்தால், எந்த உறுப்பு முதலில் கெட்டதாக அவற்றில் எழுதியிருந்தது என்பதை இங்கே பகிர்ந்துகொள்ள வேண்டுகிறேன்.