சாதிச் சான்றிதழும் ஞானஸ்நானமும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மதச் சுதந்திரம் என்றாலே எல்லோரும் அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவை எடுத்துவிடுகிறார்கள். விரும்பிய மதத்தை ஏற்கலாம், கடைப்பிடிக்கலாம், பரப்பலாம். சரி. எங்களைப் போன்ற தலித் கிறிஸ்தவர்களுக்கு மல்லுக்கட்டு எல்லாம் 1950இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தியோடுதான். இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது அது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள், கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. பழங்குடியினருக்கு இப்படி ஒரு நிபந்தனையே கிடையாது, அவர்கள் எந்த மதத்தில் இருந்தாலும் எஸ்.டி.தான்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலேயே வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்துவிட்டார்கள். பெரியப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் எதையும் கேட்காமல் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்று எழுதிவிட்டார். அப்பா சேர்ந்தது பாதிரியார் நடத்திய பள்ளி, அங்கே உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஞாயிறு பூசைக்கு ஒன்றாகப் போகிறவர்கள், ஒருவர் எஸ்.சி., இன்னொருவர் பி.சி. எனக்கும் பி.சி.தான். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் உண்டு, அதனால் படிப்புக்குப் பெரிய குறை வந்துவிடவில்லை.

குறை எங்கே தெரிந்தது என்றால், ஊர்த் தெரு வழியாக வண்டியில் போனதற்காக இரண்டு பேர் என்னை மறித்து, சாவியைப் பிடுங்கி, சாதிப் பெயரைச் சொல்லி அடித்தபோது. அடித்தவன் நீ எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்டுவிட்டு அடிக்கவில்லை. காவல் நிலையத்தில்தான் அதைக் கேட்டார்கள். எழுத்தர் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல பி.சி.ன்னு போட்டிருக்குதே, பி.சி.ஆர். கேஸ் எப்படிப்பா போடறது?” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. பி.சி.ஆர். என்று எல்லோரும் சொல்கிற வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் மட்டும்தான், 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றமும் ஒரு போதகர் வழக்கில் இதையேதான் சொன்னது. கடைசியில் சாதாரண அடிதடி வழக்காகப் பதிந்தார்கள், எதிராளிகளுக்குச் சுலபமாக ஜாமீன் கிடைத்தது.

இது மாதிரி வேறு யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்றிதழுக்கு அறுபது ரூபாய் கட்டணம், ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போகும். மனுவில் மதம் என்ற கட்டம் வந்ததும் சிலர் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள், “இந்துன்னே போடும்மா” என்று. நான் ஒன்றும் கேட்பதில்லை, போட்டுவிடுவேன்.

ஒரு அக்கா மகளுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தார், இந்து எஸ்.சி. குடும்பம். விசாரணைக்குப் போன வி.ஏ.ஓ. வீட்டுச் சுவரில் பழைய காலண்டர் இருந்த இடத்தைப் பார்த்திருக்கிறார். காலண்டரைக் கழற்றிவிட்டார்கள், அதில் இருந்த பைபிள் வசனம் மட்டும் யாரோ பென்சிலில் சுவரிலும் எழுதி வைத்திருந்தது அப்படியே இருந்ததாம். மனு திரும்பி வந்தது. எங்கள் பகுதியில் கல்யாணப் பத்திரிகையே இரண்டு விதமாக அடிப்பார்கள், பிள்ளையார் சுழி போட்டது அலுவலகத்து ஆட்களுக்கு, சிலுவை போட்டது சொந்தக்காரர்களுக்கு. அச்சகத்தில் கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்பார்கள்.

அதே பெண்ணுக்கு இப்போது கிறிஸ்தவ மாப்பிள்ளை. அவர்கள் சர்ச்சில் ஓலை வாசிக்க, அதாவது கல்யாணத்தை அறிவிக்க, ஞானஸ்நானச் சான்று கேட்கிறார்களாம். வாங்கினால் படிப்பு உதவித்தொகையும் நாளைக்கு வேலையும் என்ன ஆகும் என்று என்னிடம் வந்து கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

கோபித்துக்கொள்ளாதீர்கள், மதம் மாறியவர்களையும் எஸ்.சி.யில் சேர்க்க வேண்டும் என்பதில் எனக்கு வேறு கருத்து. நான் இந்து ஆதிதிராவிடர், குடும்பத்தில் முதல் பட்டதாரி. எங்களுக்கு இருப்பது 18 சதவீத இடஒதுக்கீடு, அதிலும் 3 சதவீதம் அருந்ததியர் உள் ஒதுக்கீடு. மிஷன் பள்ளியில் படித்து ஆங்கிலம் தெரிந்து வருகிறவர்களோடு நான் அதே இடத்துக்குப் போட்டி போட வேண்டும் என்றால் எப்படி? அதோடு, சாதி இல்லாத மதம் என்று சொல்லித்தானே அழைத்தார்கள், இப்போது அங்கேயும் சாதி இருக்கிறது என்று மனுப் போடுகிறீர்கள். முதலில் உங்கள் கல்லறைத் தோட்டத்தைச் சாதி வாரியாகப் பிரிக்கிற சுவரை இடியுங்கள்.

ஆனால் பி.சி.ஆர். விஷயத்தில் மேலே எழுதியவர் சொல்வது நியாயம். அடிக்குச் சட்டப் பாதுகாப்பு தருவதால் என் பங்கில் ஒரு இடமும் குறையாது, அதை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி.

சுவரைப் பற்றிச் சொன்னது உண்மை, மறுக்க வாயில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் தனிப் பங்குக்கோயில் கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் அங்கிருந்த வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதலில் துப்பாக்கிச் சூடுவரை போனது, இரண்டு பேர் செத்தார்கள். இவ்வளவும் நடக்கிற நாட்டில்தான் 1985இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று சூசை என்பவரின் வழக்கைத் தள்ளியது. அவர் சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்தவர். அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது, பக்கத்தில் உட்கார்ந்து அதே செருப்பைத் தைத்த இந்துக்களுக்குக் கிடைத்தது, அவருக்கு இல்லை. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் எங்களையும் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது, 2022இல் ஒன்றிய அரசு இதை ஆராய கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை வைத்தது. பிரித்துக் கொடுக்கலாம் என்ற உங்கள் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, எங்கள் ஆட்களில் பலருக்குப் பிடிக்காது.

இ-சேவை சகோதரிக்கு: கிறிஸ்தவரைக் கட்டிக்கொள்வதால் மட்டும் அந்தப் பெண்ணின் சாதி மாறாது. ஞானஸ்நானம்தான் சிக்கல். 2024 நவம்பரில் ஒரு புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில், ஞானஸ்நானமும் வாங்கி, தவறாமல் சர்ச்சுக்கும் போய்க்கொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு திரும்பி வந்துகொள்ளலாம் என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். 2015இல் கே.பி. மனு என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று நிபந்தனை போட்டது: பழைய சாதிக்கு ஆதாரம், தாய் மதம் திரும்பியதற்கு ஆதாரம், அந்தச் சாதியார் ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம். மூன்றாவதை எந்தத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்குவது? கத்தோலிக்கக் கோயில் என்றால் ஞானஸ்நானம் இல்லாமலே ஆயரிடம் தனி அனுமதி வாங்கிக் கலப்புத் திருமணம் செய்ய வழி இருக்கிறது. அதற்கு மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்ளாவிட்டால் 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகம்தான், முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள், அதை ஊரில் யார் யார் படிப்பார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.