ஏரியில மீன் மேல வந்து வாய் பிளக்குது

தம்பி, காலை 6:12
ஏரில மீன் மொத்தமும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. கையாலயே அள்ளலாம் போல. தூண்டில் போடட்டுமா?

பெரிய மாமா, 6:14
போடாதே மாப்ளே. அது பசி இல்ல, மூச்சுத் திணறல். இரையைச் சீண்டாது. அப்படியே மாட்டினாலும் நீ கழட்டி விட்டா பிழைக்காது.

அக்கா, 6:15
தண்ணி என்ன நிறம்டா?

தம்பி, 6:17
பச்சை பெயிண்ட் கரைச்ச மாதிரி. ஆனா நேத்து சாயங்காலம் 4 மணிக்கு ஆக்சிஜன் கிட்ல பார்த்தேன், 11 வந்துச்சு. நல்ல தண்ணின்னுதானே அர்த்தம்?

அக்கா, 6:21
அந்த 11தான் கெட்ட சேதி. 30 டிகிரி தண்ணி காத்துல இருந்து இழுத்து வச்சுக்கிற அளவு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். அதுக்கு மேல இருக்கிறது பாசி வெயில்ல தயாரிச்சது. அதே பாசி ராத்திரி பூரா ஆக்சிஜனைக் குடிக்கும். மீனும் குடிக்கும், அடிச்சேறும் குடிக்கும். விடியுறதுக்குச் சத்த முன்னாடிதான் ஆக்சிஜன் அளவு ரொம்பக் குறைஞ்சு கிடக்கும். நீ ஏரி நல்லாருக்கிற நேரம் பார்த்து அளந்திருக்கே.

பெரிய மாமா, 6:23
ராத்திரி பூரா காத்தும் இல்ல. காத்துல இருந்து தண்ணில சேர்றது கம்மி, ராத்திரிச் செலவு அதே. அதான்.

சித்தப்பா, 6:30
மச்சான், யாராச்சும் மருந்து கிருந்து கலந்திருந்தா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெரிய மாமா, 6:36
எது சாகுதுன்னு பாருங்க மச்சான். ஆக்சிஜன் குறைஞ்சா பெரும்பாலும் பெரிய மீன் முதல்ல போகும், கட்லா, ரோகு மாதிரி. விரால், தேளி, பனையேறிக் கெண்டை எல்லாம் காத்தைக் குடிச்சுச் சமாளிச்சுக்கும். மருந்துன்னா நேரங்காலம் கிடையாது, குஞ்சு முதல்ல சாகும், விராலும் தப்பாது, தண்ணிப் பூச்சிகூடச் செத்துக் கிடக்கும்.
தம்பி, விரால் மேல வந்து ஒரு வாய் காத்து வாங்கிட்டுச் சட்டுனு இறங்குறதைக் கணக்குல சேர்க்காதே. அது தினமும் செய்யுறது.

தம்பி, 6:41
கட்லா ரெண்டு மிதக்குது மாமா. விரால் நல்லாத்தான் ஓடுது.

அக்கா, 6:43
அப்ப ஆக்சிஜன்தான். மருந்துன்னு சந்தேகம் வந்தா மட்டும் கண்ணாடி பாட்டில்ல தண்ணியைத் தளும்பத் தளும்பப் பிடிச்சு ஐஸ்ல வை, வெளிச்சம் படக் கூடாது. ஊதிப்போன மீனை எடுக்காதே, துடிச்சுக்கிட்டு இருக்கிறதை எடு. நாறினதுல பரிசோதிக்க ஒண்ணும் மிஞ்சாது.

சித்தப்பா, 6:47
பாசி கொல்லுற மயில்துத்தம் போட்டா தெளிஞ்சிடுமே?

அக்கா, 6:52
வேண்டவே வேண்டாம் சித்தப்பா. மொத்தப் பாசியும் ஒரே நேரத்துல செத்தா, அது அழுகுறதுக்கே மிச்ச ஆக்சிஜனும் போயிடும். நீலப்பச்சைப் பாசியா இருந்தா செல் உடைஞ்சு விஷமும் தண்ணில இறங்கும். இப்ப உதவுறது பம்பு மட்டும்தான். மேல்தண்ணியை உறிஞ்சி மேலயே தெளிக்கணும். குழாயை அடில விட்டா ஆக்சிஜன் இல்லாத தண்ணியும் அழுகின முட்டை நாத்தமும் மேல வந்து, தப்பிச்ச மீனும் செத்துப் போகும்.

தம்பி, 6:55
அது நீலப்பச்சைதானான்னு எப்படித் தெரியும்?

அக்கா, 6:59
கண்ணாடி ஜாடில முக்கால் அளவு பிடி. கையுறை போட்டுக்க. அசைக்காம ஒரு ராத்திரி ஃபிரிட்ஜ்ல வை. காலைல பச்சை மேல வளையமாக் கட்டி நின்னா நீலப்பச்சையா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அதோட செல்லுக்குள்ள காத்துப் பை இருக்கு. அடில படிஞ்சா வேற பாசி. குச்சி விட்டா நூல் நூலா மாட்டுறது சாதாரணப் பச்சைப் பாசி. விஷம் இருக்கா இல்லையான்னு ஜாடி சொல்லாது, அதனால வளையம் கட்டினா இருக்குன்னே வச்சுக்க. நாயை அந்தப் பக்கம் விடாதே.

சித்தப்பா, 7:02
அந்த மீனை நல்லா கொதிக்க வச்சா?

அக்கா, 7:04
நீலப்பச்சைப் பாசியோட விஷம், மைக்ரோசிஸ்டின், கொதிச்சாலும் அழியாது. ஈரல், குடல்லதான் அதிகம் சேரும், இருந்தாலும் பச்சை ஏறி நிக்கிற ஏரி மீனைத் தொடாம இருக்கிறதே நல்லது. செத்து மிதக்கிறதைப் பத்திக் கேக்கவே வேண்டாம்.

தம்பி, 7:10
சரி, நாளைக்கு எப்படி அளக்கிறது?

அக்கா, 7:19
சூரியன் வர்றதுக்கு அரை மணி முன்னாடி போ. கரையோர நுரைல எடுக்காதே, கொஞ்சம் உள்ள, முழங்கை ஆழத்துல. பாட்டிலைத் தண்ணிக்குள்ளயே சாய்ச்சு நிரப்பி, உள்ளயே மூடு. தலைகீழாக் கவுத்துக் குமிழி இருக்கான்னு பாரு, இருந்தா கொட்டிட்டு மறுபடி பிடி. மாங்கனீசு மருந்து, அடுத்து அயோடைடு மருந்து, ரெண்டையும் அங்கயே விடணும், வீட்டுக்கு வந்து இல்ல. வீழ்படிவு பழுப்பா இருந்தா ஆக்சிஜன் இருக்கு, வெள்ளையா இருந்தா சுத்தமா இல்ல. அது படிஞ்சப்புறம் அமிலம். பிறகு கிட்ல இருக்கிற தயோசல்பேட் மருந்தைச் சொட்டுச் சொட்டா விட்டு நிறம் போற வரைக்கும் எண்ணு. அமிலம் கைல படாம பார்த்துக்க.

அக்கா, 7:24
மதியம் 3 மணிக்கு பிஹெச்சும் (தண்ணியோட அமில, காரத் தன்மை அளவு) அம்மோனியாவும் பாரு. இது நேர் எதிர் கணக்கு, மதியம்தான் மோசம். பாசி கார்பன் டை ஆக்சைடை இழுக்கிறதால மதியம் பிஹெச் 9 தாண்டும். கிட் காட்டுறது மொத்த அம்மோனியா. 25 டிகிரில, பிஹெச் 7ன்னா அதுல நூத்துக்கு ஒரு பங்குகூட விஷ வடிவத்துல இருக்காது. 9ன்னா மூணுல ஒரு பங்குக்கு மேல. காலைல மூச்சு முட்டின மீனுக்கு மதியம் இது.

பெரிய மாமா, 7:31
விடியக்கால அளவு 5க்கு மேல மூணு நாலு நாள் நின்னா தூண்டிலை எடு. 3க்குக் கீழ இருந்தா தூண்டிலோட ஏரிப் பக்கமே போகாதே. மீன் பிடிக்கப் போறப்போ தூண்டில் முள்ளோட எதிர்முள்ளைக் குறட்டால நசுக்கிடு, கழட்டுறது சுலபம். மெல்லிசுத் தூண்டில் நரம்பு போட்டு ரொம்ப நேரம் விளையாட்டுக் காட்டாதே, களைச்ச மீனுக்கு ஆக்சிஜன் இன்னும் வேணும். கையை நனைச்சுட்டுத் தொடு, காஞ்ச கை வழுவழுப்பை உரிச்சுடும். முள்ளைத் தண்ணிக்குள்ளயே கழட்டு, படம் எடுக்கணும்னா பத்து எண்ணுறதுக்குள்ள முடிச்சுக்க.
தவிட்டு உருண்டையைக் கூடை கூடையா வீசுறதையும் விட்டுடு. மீன் திங்காதது அடில அழுகி, பாசிக்குத்தான் உரம்.

தம்பி, மறுநாள் காலை 5:38
3 வந்துச்சுக்கா. லேசான பழுப்பு.

அக்கா, 5:40
குமிழி இருந்துச்சா?

தம்பி, 5:41
சின்னதா ஒண்ணு.

அக்கா, 5:42
அப்ப நிஜ அளவு 3க்கும் கீழ. அந்தக் குமிழில இருந்த ஆக்சிஜனையும் சேர்த்து எண்ணிட்டே. கொட்டிட்டு மறுபடி பிடி, வெயில் வர்றதுக்குள்ள.