மறு: ஃப்ளைவீலுக்கு என்ன சொல் வைக்கலாம்?

> 'பறக்கும் சக்கரம்', 'சமனாழி', 'உந்தாழி' மூன்றில் ஒன்று முடிவானால் கட்டுரையை முடித்துவிடுவேன். கிளட்சுக்குப் 'பற்றி' போதும்.

வணக்கம் தம்பி,

எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். 'பற்றி' வேண்டாம். 'பற்றியைப் பற்றி' என்று ஒரு வரி வந்தால் போதும், வாசகர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். கிளட்ச் என்றே இருக்கட்டும். கிளட்ச் தட்டு, அழுத்தத் தட்டு என்றால் எவருக்கும் புரியும்.

எஞ்சின் தண்டின் முனையில் சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீல்தான் சிக்கல். அது எங்கும் பறப்பதில்லை. (வார்ப்பிரும்புச் சக்கரத்தை இஷ்டத்துக்குக் கடைந்து மெலிதாக்கி முழு வேகத்தில் சுழற்றினால் சிதறிப் பறக்கலாம், அது வேறு கதை.) 'சமனாழி' காதுக்கு இனிமை, ஆனால் பாதி வேலையைத்தான் சொல்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் உந்தித் தள்ளும். அந்த உந்தலில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, இடைவெளியில் திருப்பித் தருவது இந்தச் சக்கரம். மின்சுற்றில் இதே வேலையைச் செய்வதை மின்தேக்கி என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அப்படியானால் இது சுழல்தேக்கி.

சொல் அழகுக்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வரைவில் "பந்தயத்தடத்துக்கு எடை குறைந்த ஃப்ளைவீல் நல்லது" என்று இருக்கிறது. எந்த இடத்தில் குறைந்த எடை? மையத்திலிருந்து 14 செ.மீ. தள்ளி இருக்கும் 1 கிலோ, 7 செ.மீ. தள்ளி இருக்கும் 1 கிலோவைப் போல 4 மடங்கு தேக்கும். நடுவில் ஓட்டை போட்டு எடை குறைத்தவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. விளிம்பில் குறைத்தவருக்குத்தான் கியர் இறக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டியதும் எஞ்சின் சட்டென்று ஏறும். "தேக்கம் குறைந்த சுழல்தேக்கி" என்று எழுதிப் பாருங்கள், விஷயம் அதிலேயே வந்துவிடும்.

இரண்டு பாகங்களுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்து வருவதை இரட்டைச் சுழல்தேக்கி எனலாம். என் காரில் அதைக் கழற்றிவிட்டு ஒற்றையை மாட்டினேன். கூடவே, ஸ்பிரிங் இல்லாத கிளட்ச் தட்டையும் போட்டேன். நியூட்ரலில் நின்றால் கியர்பாக்ஸ் டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம். கிளட்ச் பெடலை மிதித்தால் சத்தம் நின்றுவிடும், விட்டால் மறுபடி தொடங்கும். அதிர்வை வாங்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங்குகளை இரண்டு இடத்திலும் நானே எடுத்துவிட்டேன், வேறு யாரைக் குறை சொல்வது? ஒற்றைக்குப் போகிறவர் ஸ்பிரிங் வைத்த தட்டையாவது எடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

தடத்துக்கும் சாலைக்கும் ஒரே கார் என்றால், சாதாரண உராய்வுப் பொருளோடு வலுவான அழுத்தத் தட்டே என் தேர்வு. செராமெட்டாலிக் (பீங்கானும் உலோகமும் கலந்த) உராய்வு வில்லைகள் சூடு தாங்கும், ஆனால் வெடுக்கென்று பிடிக்கும். நெரிசலில் அரைக் கிளட்சில் ஊர்வது தண்டனை.

> 'சுழல்' என்றால் நீர்ச்சுழி நினைவுக்கு வராதா? மெக்கானிக் எவரும் இப்படிச் சொல்லப் போவதில்லையே அண்ணா.

சுழலும் நாற்காலியைப் பார்த்து யாருக்கும் நீர்ச்சுழி நினைவுக்கு வருவதில்லை, தம்பி. மெக்கானிக் ஃப்ளைவீல் என்றே சொல்லட்டும். கட்டுரையில் முதல் இடத்தில் 'ஃப்ளைவீல் எனப்படும் சுழல்தேக்கி' என்று எழுதிவிட்டு, பிறகு சுழல்தேக்கி என்றே தொடரலாம்.

> சரி, ஏற்கிறேன். கிளட்ச் பெடலை மிதித்ததும் அழுத்தத் தட்டின் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்குக்கு?

பேரிங் ஏற்கெனவே தாங்கி. 'விடுப்புத் தாங்கி' என்றால் லீவு எடுத்தது போல இருக்கிறது. 'விடுவிப்புத் தாங்கி' எப்படி?