ஒரே மேக்ஃபைல்: டெபியனில் ஓடுகிறது, உபுண்டுவில் “அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்”

கேள்வி: அரைப்புள்ளி

வீட்டிலுள்ள புத்தகங்களைப் பட்டியல் போட சி++-இல் ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு லைப்ரரிக்காக எழுதப்போய் இன்னொரு லைப்ரரியிடம் மாட்டிக்கொண்டு இன்றோடு இரண்டு இரவு ஆகிறது. தரவை வைக்க எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள லைப்ரரி. பழைய மடிக்கணினியில் டெபியன், அங்கே ஒரு குறையும் இல்லை. புதியதில் உபுண்டு 22.04 போட்டு, கோப்புகளை (கம்பைல் கட்டளைகள் எழுதிவைத்த மேக்ஃபைல் உட்பட) அப்படியே நகலெடுத்து மேக் என்று தட்டினால் இப்படி வருகிறது:

மெயின்.சிபிபி: அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு ‘எஸ்க்யூலைட்3_ஓபன்’
கலெக்ட்2: எரர்: எல்டி ரிட்டர்ன்டு 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்

நான் கூப்பிட்டிருக்கும் எஸ்க்யூலைட் ஃபங்ஷன் ஒன்று விடாமல் இதே வரி. மேக் ஓட்டும் கட்டளை இது:

ஜி++ -எல்எஸ்க்யூலைட்3 மெயின்.சிபிபி -ஓ புத்தகம்

லைப்ரரியை மூன்று முறை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன். கணினியை அணைத்தும் போட்டேன் (சிரிக்காதீர்கள்). உபுண்டுவில் வரும் எஸ்க்யூலைட்டே கோளாறா?

பதில் 1: நள்ளிரவு_மேக்

டெவ் பேக்கேஜ் (லைப்ரரியை வைத்து நிரல் எழுதத் தேவையான கோப்புகள்) போடவில்லை, அவ்வளவுதான். லிப்எஸ்க்யூலைட்3-டெவ் நிறுவுங்கள், சரியாகிவிடும்.

அரைப்புள்ளி

அதுவும் இருக்கிறது அண்ணா. முதல் நாள் “எஸ்க்யூலைட்3.ஹெச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி” என்று வந்தபோதே போட்டுவிட்டேன். அந்த எரர் போய், அந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

பதில் 2: வெள்ளைப்பலகை

அந்த இரண்டு எரரையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். ஹெடர் (ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ள .ஹெச் கோப்பு) கிடைக்கவில்லை என்றது கம்பைலர். இப்போது பேசுவது, கம்பைலான துண்டுகளையும் லைப்ரரிகளையும் ஒன்றாகக் கோக்கும் லிங்கர். கடைசி வரியில் ‘எல்டி’ என்று தன் பெயரையே போட்டிருக்கிறது பாருங்கள். கம்பைலர் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது. உங்கள் கோடில் பிழை இல்லை, லைப்ரரியிலும் இல்லை. வரிசைதான் தப்பு. இப்படி மாற்றுங்கள்:

ஜி++ மெயின்.சிபிபி -ஓ புத்தகம் -எல்எஸ்க்யூலைட்3

லிங்கர் கட்டளையை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும். கையில் ஒரு துண்டுச்சீட்டு, அதில் ‘இன்னும் கிடைக்காத பெயர்கள்’. உங்கள் கட்டளையில் முதலில் எதிர்ப்படுவது லைப்ரரி. அப்போது சீட்டு காலி, இதிலிருந்து யாருக்கும் எதுவும் வேண்டாம் என்று கடந்துவிடுகிறது. அடுத்து மெயின் வருகிறது, “எஸ்க்யூலைட்3_ஓபன் வேண்டும்” என்கிறது. கடந்து வந்த லைப்ரரியை லிங்கர் திரும்பிப் பார்க்காது.

டெபியனில் மட்டும் ஏன் ஓடியது? நிரல் ஓடும்போது வந்து இணையும் .எஸ்ஓ வகை லைப்ரரியை, தேவை இருக்கிறதோ இல்லையோ, கட்டளையில் எங்கே வந்தாலும் சேர்த்துக்கொள்வதுதான் லிங்கரின் பழைய வழக்கம். டெபியன் அதை மாற்றவில்லை. உபுண்டுவில் 11.10 பதிப்பிலிருந்தே கம்பைலர் ‘ஆஸ்-நீடட்’ என்ற ஃபிளாகைத் தானாகவே லிங்கரிடம் கொடுத்துவிடுகிறது. அந்த இடத்தில் தேவைப்படாத லைப்ரரி கழற்றிவிடப்படும். ஆக, உங்கள் கட்டளை டெபியனிலும் தப்புதான், அங்கே யாரும் கேட்கவில்லை.

பதில் 3: நள்ளிரவு_மேக்

சரி, டெவ் பேக்கேஜ் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் மேக்ஃபைலில் எதையும் நகர்த்தாமலே தப்பிக்க வழி இருக்கிறதே? ‘-டபிள்யூஎல்,--நோ-ஆஸ்-நீடட்’ என்று முன்னால் சேர்த்தால் பழைய வழக்கத்துக்குப் போய்விடும்.

வெள்ளைப்பலகை

.எஸ்ஓ-வுக்குப் போகும். நாளைக்கே .ஏ என்று முடியும் ஸ்டாட்டிக் லைப்ரரி ஒன்றைச் சேர்த்தால் அந்த ஃபிளாக் காப்பாற்றாது. அதற்குள்ளிருந்து, சீட்டில் பெயர் உள்ள துண்டுகளை மட்டும்தான் லிங்கர் உருவும். டெபியனிலும் அப்படித்தான். வரிசையைத் திருத்துவதே மேல்.

அரைப்புள்ளி, உங்கள் மேக்ஃபைலில் -எல்எஸ்க்யூலைட்3 எந்த மாறியில் இருக்கிறது? எல்டிஃபிளாக்ஸ் என்றுதான் நினைக்கிறேன். அது லைப்ரரி எந்த டைரக்டரியில் இருக்கிறது என்று சொல்லும் பெரிய எல் ஃபிளாகுக்கான இடம். லைப்ரரியின் பெயரைச் சொல்லும் சின்ன எல் எல்லாம் எல்டிலிப்ஸில் போக வேண்டும். மேக்கின் சொந்த விதிகளே எல்டிஃபிளாக்ஸை மூலக்கோப்புக்கு முன்னாலும் எல்டிலிப்ஸைப் பின்னாலும்தான் வைக்கும்.

அரைப்புள்ளி

எல்டிஃபிளாக்ஸேதான்! எப்போதோ எங்கிருந்தோ நகலெடுத்த மேக்ஃபைல், ஏன் என்று கேட்காமலே ஆறேழு நிரலுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். எல்டிலிப்ஸுக்கு மாற்றியதும் ஓடிவிட்டது. மூன்று முறை நிறுவியதை நினைத்தால்தான் வயிற்றெரிச்சல்.

நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தால் அடுத்தது. படிக்கும் காலத்தில் சி-யில் எழுதிய ஐஎஸ்பிஎன்.சி என்ற கோப்பு ஒன்று உண்டு. 13 இலக்க ஐஎஸ்பிஎன்னின் கடைசி இலக்கம் சரியா என்று பார்க்கும். அதை ஜிசிசி என்ற சி கம்பைலரை வைத்து .ஓ கோப்பாக்கி (கம்பைலான துண்டு) இதோடு சேர்த்தேன். இப்போது:

அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு ‘ஐஎஸ்பிஎன்_ஓகே(சார் கான்ஸ்ட்*)’

இந்த முறை வரிசையில் தப்பில்லை. .ஓ கோப்பு மெயினுக்குப் பின்னால்தான் இருக்கிறது. முன்னால் வைத்தும் பார்த்தேன், அதே எரர்.

வெள்ளைப்பலகை

.ஓ கோப்பைக் கட்டளையில் எங்கே வைத்தாலும் லிங்கர் முழுதாக எடுத்துக்கொள்ளும், அதற்கு வரிசை பொருட்டில்லை. இரண்டு எரரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எஸ்க்யூலைட்3_ஓபன் வெறும் பெயர். இதில் அடைப்புக்குறிக்குள் சார் கான்ஸ்ட்* என்று ஆர்க்யுமென்ட் வகையும் வந்திருக்கிறது. அந்த அடைப்புக்குறிதான் துப்பு: சி++ பெயரை லிங்கர் தேடுகிறது, கோப்பில் இருப்பதோ சி பெயர்.

என்எம் என்பது .ஓ கோப்பிலுள்ள பெயர்களைக் காட்டும் கருவி. டெர்மினலில் என்எம் ஐஎஸ்பிஎன்.ஓ என்று அடித்தால், டி என்ற பெரிய எழுத்துக்கு (இங்கேயே இருக்கிறது என்று பொருள்) பக்கத்தில் ஐஎஸ்பிஎன்_ஓகே என்று மட்டும் இருக்கும். மெயின்.ஓ-வைத் தனியாக உருவாக்கி அதையும் என்எம்மிடம் கொடுங்கள். அங்கே யூ என்ற எழுத்தோடு (இங்கே இல்லை, வெளியே தேட வேண்டும் என்று பொருள்) ஒரு விசித்திரப் பெயர் தெரியும்: அடிக்கோடு, பெரிய இசட், 7, ஐஎஸ்பிஎன்_ஓகே, அதன் வாலில் பி, கே, சி. ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு, நடுவிலுள்ள அடிக்கோட்டையும் சேர்த்து, 7 எழுத்து, அதுதான் அந்த 7. பி பாயின்டர், கே கான்ஸ்ட், சி சார். ஒரே பெயரில் பல ஃபங்ஷன் வைத்துக்கொள்ள சி++ அனுமதிப்பதால், வகையையும் பெயரோடு ஒட்டிப் பிரித்துக்கொள்கிறது.

ஐஎஸ்பிஎன்.ஹெச்-இல் அந்த அறிவிப்பை எக்ஸ்டர்ன் “சி” என்ற தொகுதிக்குள் போடுங்கள். சி கம்பைலருக்கு அந்தச் சொல் புரியாது. ஆகவே அடிக்கோடு அடிக்கோடு சிபிளஸ்பிளஸ் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் என்று இஃப்டெஃப் கட்டிவிடுங்கள். எஸ்க்யூலைட்3.ஹெச்-ஐத் திறந்து பாருங்கள், ஆரம்பத்திலேயே அப்படிச் செய்திருப்பார்கள். அதனால்தான் அங்கே இந்தச் சிக்கல் வரவில்லை.

நள்ளிரவு_மேக்

இதே கோப்பை ஜிசிசிக்குப் பதில் ஜி++-இடம் கொடுத்திருந்தால் எரரே வந்திருக்காது. .சி என்று முடிந்தாலும் அது சி++ ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். நான் பல நாள் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், காரணம் இப்போதுதான் தெரிகிறது.

அரைப்புள்ளி

என்எம் ஓட்டிப் பார்த்தேன், பி கே சி உட்பட அப்படியே இருக்கிறது. ஹெடரைத் திருத்தினேன், லிங்க் ஆகிவிட்டது. முதல் புத்தகத்தின் எண்ணைக் கொடுத்தேன், தவறான ஐஎஸ்பிஎன் என்றது. பார்த்தால், இடையிலிருக்கும் கோடுகளையும் என் பழைய நிரல் இலக்கமாக எண்ணுகிறது. அது என் சொந்தச் சரக்கு, நானே பார்த்துக்கொள்கிறேன்.