ஆண்டுக் கட்டணம் கேட்கும் பழைய கடன்பற்று அட்டையை மூடிவிடலாமா?

செம்பனைக் கிராணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே உள்ள ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 2,800 ரிங்கிட். என்னிடம் இரண்டு வங்கிகளின் கடன்பற்று அட்டைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது; பெட்ரோலுக்கும் மாதச் சாமானுக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். மற்றொன்று, ஈப்போவில் ஒரு பேரங்காடி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் இலவசப் பயணப் பையைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்த தங்க அட்டை. அதற்கு 150 ரிங்கிட் ஆண்டுக் கட்டணமும் 25 ரிங்கிட் சேவை வரியும் உண்டு. தொலைபேசியில் கேட்டால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து வந்தார்கள். இனிமேல் அட்டையைப் பயன்படுத்தினால்தான் தள்ளுபடி என்று இப்போது கூறுகிறார்கள்.

அப்பா அடுத்த ஆண்டு வேலை ஓய்வு பெறுகிறார். தோட்ட வீட்டைக் காலி செய்துகொடுக்க வேண்டும் என்பதால், பட்டணத்தில் ஒரு வீடு வாங்குவதற்கு வங்கிக் கடன் கேட்டு மனுச் செய்யவிருக்கிறேன். பழைய அட்டையை மூடினால் கடன் மதிப்பெண் சரிந்துவிடும் என்று காணொளிகளில் அடித்துச் சொல்கிறார்கள். இந்த நேரத்தில் அதை மூடுவது வீட்டுக் கடனுக்குத் தடையாகுமா?

ஓய்வுபெற்ற வங்கியாளர் எழுதியது:

தம்பி, நீங்கள் பார்த்த காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்க நிலவரத்தைப் பேசுபவையாக இருக்கும். அங்கே கணக்கின் வயதுக்கும், மொத்தக் கடன் வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதற்கும் மதிப்பெண்ணில் நல்ல எடை உண்டு. இங்கே வீட்டுக் கடன் மனுவைக் கையில் எடுக்கும் அதிகாரி முதலில் திறந்து பார்ப்பது, மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா எல்லா வங்கிகளிடமிருந்தும் திரட்டி வைத்திருக்கும் கடன் பதிவை, அதாவது சிசிஆர்ஐஎஸ் அறிக்கையை. அதில் உங்கள் பெயரில் இன்று உள்ள கடன்கள், ஒவ்வொன்றின் வரம்பும் நிலுவையும், கடந்த 12 மாதங்களில் தவணை தவறாமல் கட்டினீர்களா என்பது ஆகியவை இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்துக்கு நேராகச் சுழியம் நிற்கும். தவணை தவறினால், எத்தனை மாதம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்ற எண் வந்து நிற்கும். அட்டை எத்தனை ஆண்டு பழையது என்பதற்காக எந்த அதிகாரியும் ஒரு மனுவைத் தூக்கிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

சிடிஓஎஸ் என்ற தனியார் கடன் தகவல் நிறுவனம் 300 முதல் 850 வரை வழங்கும் மதிப்பெண்ணில் கடன் வரலாற்றின் நீளத்துக்கும் இடம் உண்டு. ஆனால் அதன் பங்கு 7 விழுக்காடுதான். திருப்பிச் செலுத்தும் ஒழுங்குக்கோ 45 விழுக்காடு. பயன்பாட்டு விகிதத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அட்டைகளுக்கும் தலா 5,600 ரிங்கிட் வரம்பு, மாதச் செலவு 1,400 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், இப்போது எட்டில் ஒரு பங்கைப் பயன்படுத்துகிறீர்கள். ஒன்றை மூடியபின் அது நான்கில் ஒரு பங்காகும். மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு இது பெரிய பாதிப்பு அல்ல.

என் முடிவான கருத்து, மூடிவிடலாம் என்பதே. கட்டணம் இல்லாத அட்டையை மட்டும் விடாதீர்கள். சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் ஒன்றுமே இல்லாத ஆளைக் கணிக்க வங்கிக்கு வழியில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை எழுதியது:

ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் ஒரு பக்கத்தை அவர் விட்டுவிட்டார். தனியார் மருத்துவமனையில் யாரையாவது அவசரமாகச் சேர்க்க நேர்ந்தால், முன்பணமாக ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த இரவைக் கடந்தது இரண்டாவது அட்டையின் வரம்பினால்தான். அப்பா ஓய்வு பெறும் வயதில் இருக்கும்போது இதையும் யோசியுங்கள், தம்பி. கட்டணமில்லாத அட்டைக்கு மாற்றித் தர முடியுமா என்று அதே வங்கியிடம் முதலில் கேட்டுப் பார்க்கலாம்; வாடிக்கையாளர் போய்விடுவார் என்று தெரிந்தால் சில வேளைகளில் இறங்கி வருவார்கள்.

மூடுவதென்றால், அந்த அட்டையிலிருந்து தானாகவே பிடிக்கப்படும் கட்டணங்களை முதலில் வேறு அட்டைக்கு மாற்றுங்கள். தெனாகா மின்கட்டணம், ஆஸ்ட்ரோ தொலைக்காட்சிக் கட்டணம் போன்றவை மறுமாதமே நினைவூட்டிவிடும். காப்புறுதிச் சந்தாவோ சத்தமின்றி நின்றுபோகும், அதுதான் ஆபத்து. அம்மா பெயரில் துணை அட்டை எடுத்திருந்தால், அதுவும் சேர்ந்து செயலிழக்கும். வட்டியில்லாத் தவணையில் கைப்பேசியோ குளிர்சாதனப் பெட்டியோ வாங்கியிருந்தால், மிச்சத் தவணை முழுவதையும் ஒரே மூச்சில் கட்டச் சொல்வார்கள்.

செம்பனைக் கிராணி எழுதியது:

இருவருக்கும் நன்றி. தவணை எதுவும் இல்லை. காப்புறுதி மட்டும் அதில்தான் பிடிக்கப்படுகிறது, அதை இந்த வாரமே மாற்றிவிடுகிறேன். அக்கா சொன்ன அவசரத் தேவைக்காக, வேறொரு வங்கியில் கட்டணமில்லாத அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு அதன்பிறகு இதை மூடலாமா?

ஓய்வுபெற்ற வங்கியாளர் எழுதியது:

அந்த வரிசையில் செய்ய இயலாது. உங்கள் ஆண்டு வருமானம் 33,600 ரிங்கிட். ஆண்டுக்கு 36,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் சம்பாதிப்பவர்கள் இரண்டு வங்கிகளின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம், ஒவ்வொரு வங்கியும் மாதச் சம்பளத்தின் இரு மடங்குக்கு மேல் வரம்பு தரக்கூடாது என்று 2011-இல் பேங்க் நெகாரா விதித்திருக்கிறது. ஆகவே பழையதை மூடினால்தான் புதியதற்கு இடம் கிடைக்கும். புதிய அட்டைக்கு மனுச் செய்வதையும் வீட்டுக் கடன் கிடைத்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள். புதிய மனுக்களும் அறிக்கையில் பதிவாகும். கடன் கேட்டு அலைகிற ஆள் என்ற எண்ணத்தை வீட்டுக் கடன் அதிகாரிக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

மூடும் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 25 ரிங்கிட் சேவை வரி 2018 செப்டம்பரிலிருந்து முதன்மை அட்டைக்கும் துணை அட்டைக்கும் தனித்தனியே ஆண்டுதோறும் விதிக்கப்படுகிறது. அது அரசாங்கத்தின் வரி. வங்கி ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தாலும் இதைக் கட்டியே ஆக வேண்டும். எனவே அட்டையின் ஆண்டு முடிவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே மூடிவிடுங்கள். அட்டையைப் பயன்படுத்தியதற்காகச் சேர்ந்திருக்கும் வெகுமதிப் புள்ளிகளை அதற்குள் பரிசுப் பற்றுச்சீட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். மூடியபின் அவை போய்விடும்.

பழைய பாக்கி இருந்து வட்டி ஓடிக்கொண்டிருக்குமானால், அட்டையின் மாதக் கணக்கு அறிக்கையில் வந்த தொகையைக் கட்டியபின்னும், கட்டிய நாள்வரைக்குமான வட்டி சில ரிங்கிட் அடுத்த மாதம் வரும். அட்டையை வெட்டிப் போட்டுவிட்டோமே என்று அதைக் கவனிக்காமல் விட்டவர்களின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று வந்து நின்றிருக்கிறது. அதனால் தொலைபேசியில் மூடச் சொன்னதோடு விட்டுவிடாமல், நிலுவை எதுவும் இல்லை என்று எழுத்துப்பூர்வமான கடிதம் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து பேங்க் நெகாராவின் இசிசிஆர்ஐஎஸ் இணையத்தளத்தில் உங்கள் அறிக்கையை இலவசமாக எடுத்து, அந்த அட்டை அதிலிருந்து நீங்கியிருக்கிறதா என்று பார்த்தபிறகு வீட்டுக் கடன் மனுவைக் கொடுங்கள்.

செம்பனைக் கிராணி எழுதியது:

அட்டையின் ஆண்டு அக்டோபரில் முடிகிறது, ஐயா. செப்டம்பர் முதல் வாரத்தில் ஈப்போ கிளைக்கு நேரில் போய்க் கடிதத்தோடு மூடிவிடுகிறேன். ஏறக்குறைய 9,000 புள்ளிகள் இருக்கின்றன. அதற்கு என்ன கொடுக்கிறார்கள் என்று இன்றிரவு பார்க்கிறேன்.