புதுப்பிப்பு: வால் கனத்த டைகர் மாத் பறந்துவிட்டது

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து மறுபடியும் நான்தான். டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தின் நான்கில் ஒரு பங்கு அளவு மாதிரி கிட், இறக்கை நுனிக்கு நுனி 2.2 மீட்டர்; பூட்டி முடித்தால் வால் பக்கமே சாய்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பேட்டரியை முன்னால் தள்ளியது போதவில்லை. அசல் விமானத்தைப் போலவே இதற்கும் மூக்கு குட்டை. பதில் சொன்னவர்களில் பீனிக்ஸ் அண்ணன் சொன்னதுதான் பலித்தது: மோட்டார் மூடிக்குள் எவ்வளவு முன்னே போகுமோ அங்கே ஈயம். 380 கிராம் வாங்கியது!

எதிர்பாராதது ஒன்று. எடை சரியான பிறகும் மூக்கைத் தூக்கிக்கொண்டே பறந்தது. அளந்தால், மேல் இறக்கையின் கோணம் கீழ் இறக்கையைவிட 2 டிகிரி அதிகம். மேல் இறக்கையை உடலோடு பிடிக்கும் நடுத்தாங்கிகளில் பின்கால்களுக்கு அடியில் வாஷர் போட்டேன், சரி, இப்போது நேராகப் போகிறது.

டர்பன் புழுக்கத்தில் இறக்கை உறை மட்டும் தளர்ந்து தளர்ந்து தொங்குகிறது. சூடு காட்டி இறுக்க இஸ்திரிப்பெட்டியோடுதான் திரிகிறேன்.